கிராவிட்டி பைக் கட்டப் போகிறீர்களா? பிரேக்கிலிருந்து தொடங்குங்கள்

பெடல் கிடையாது, செயின் கிடையாது, மோட்டாரும் கிடையாது. மேட்டின் உச்சியில் ஏறிப் படுத்துக்கொண்டு பிரேக்கை விட்டால், கீழே வந்து சேரும்வரை இழுத்துப் போவது புவியீர்ப்பு மட்டும்தான். இதைத்தான் கிராவிட்டி பைக் என்கிறார்கள். பார்க்க ஒரு சின்னப் பையனின் சைக்கிளை நசுக்கித் தாழ்த்தியதுபோல இருக்கும். வேகம் என்னவோ மோட்டார் சைக்கிளோடு போட்டி போடும்.

இந்த விளையாட்டு அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேர்விட்டு வளர்ந்தது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் 2002-லிருந்து 'ஸூபாம்ப்' என்ற கூட்டம் ஞாயிறு இரவுகளில் கூடுகிறது. குழந்தைகள் ஓட்டும் குட்டி சைக்கிள்களை ரயிலில் ஏற்றி, மிருகக்காட்சிசாலைக்கு அடியில் 79 மீட்டர் ஆழத்தில் இருக்கும் நிலையத்தில் இறங்கி, லிஃப்ட்டில் மேலே வந்து, அங்கிருந்து நகரத்துக்குள் உருண்டு இறங்குவார்கள். பக்கத்து வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றுக்கு மேலே மேரிஹில் என்ற இடத்தில், சாம் ஹில் என்பவர் நூறாண்டுக்கு முன்பு போட்ட வளைவுச் சாலை ஒன்று இருக்கிறது. இப்போது அதில் கார்கள் ஓடுவதில்லை. லாங்போர்டு (நீளமான ஸ்கேட்போர்டு), கிராவிட்டி பைக் போன்ற இறக்க விளையாட்டுக்காரர்களுக்கு அது புகழ்பெற்ற இடம்.

சரி, இதை வீட்டில் கட்ட முடியுமா? முடியும். ஒரு பழைய சைக்கிள், சில ஸ்பேனர்கள், பக்கத்தில் நல்ல சைக்கிள் கடைக்காரர் ஒருவர் இருந்தால் போதும். வேகத்துக்காக நாம் கட்ட வேண்டியது மிகக் குறைவு, அதைச் சரிவே தந்துவிடும். நம் கையால் கட்ட வேண்டியது நிற்கும் திறனும் நேராகப் போகும் திறனும்தான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அதனால் முதலில் வேகக் கணக்கு.

வேகம் எங்கே நிற்கிறது?

8 சதவீதச் சரிவு என்றால் 100 மீட்டர் போவதற்குள் 8 மீட்டர் இறங்குகிறோம் என்று பொருள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சரிவில் புவியீர்ப்பு நம்மை முன்னால் தள்ளும் விசை ஏறக்குறைய 78 நியூட்டன். டயர் உருளும்போது தின்பது அதில் 6 நியூட்டன்போல, அவ்வளவுதான். மீதி எல்லாவற்றையும் எதிர்த்து நிற்பது காற்று.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதனால் ஏதோ ஒரு வேகத்தில் தள்ளும் விசையும் தடுக்கும் விசையும் சமமாகிவிடும். அதற்குமேல் வேகம் ஏறாது. இதை முற்றுத் திசைவேகம் என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினால் இந்தச் சரிவில் அது மணிக்கு 56 கி.மீ. சுற்றில் நின்றுவிடும். அதே ஆள் அதே சைக்கிளில் குப்புறப் படுத்து, முழங்கையை உள்ளே ஒடுக்கி, காற்றில் படும் அளவைப் பாதியாக்கினால் 79 கி.மீ. வரை போகும். கணக்குக்கு எடுத்துக்கொண்ட எண்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், விகிதம் மாறாது.

அப்படியானால் எடை? கனமான கல்லும் லேசான கல்லும் ஒன்றாகத்தான் விழும் என்று படித்தோமே, அப்புறம் எதற்குச் சில கிராவிட்டி பைக் பந்தயக்காரர்கள் சைக்கிளில் ஈயக்கட்டி வைக்கிறார்கள் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. அந்தப் பாடம் காற்றைக் கணக்கில் எடுக்காத பாடம். காற்று இருக்கும் இடத்தில், எடை கூடினால் தள்ளும் விசை கூடுகிறது, ஆனால் உருவம் மாறாததால் காற்றின் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. 100 கிலோவை 130 கிலோ ஆக்கினால் அந்த 79 கி.மீ. 90 ஆகும்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படுக்கும் விதத்தை மாற்றினால் 40 சதவீத வேகம் கிடைக்கிறது, செலவு எதுவும் இல்லை. 30 கிலோ ஈயம் ஏற்றினால் 14 சதவீதம்தான் கிடைக்கிறது. ஆனால் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 24 கிலோஜூலிலிருந்து 40-க்கு மேல் தாவிவிடுகிறது. முதல் பைக்கில் எடை சேர்க்கவே வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். பந்தயத்தில் நொடியின் பின்னங்களுக்காக மோதுகிறவர்களுக்கு அது தேவைப்படலாம். அவர்களும் எடையைத் தரைக்குப் பக்கத்தில், இரு சக்கரத்துக்கும் நடுவே, போல்ட் போட்டு அசையாமல் முறுக்கித்தான் வைப்பார்கள்.

உடலை ஒடுக்குவது எவ்வளவு பெரிய லாபம் என்பது சாலைப் பந்தய வீரர்களுக்கும் நன்றாகத் தெரியும். சீட்டை விட்டு இறங்கி மேல்குழாயில் குந்தி, ஹேண்டில்பாரில் முகத்தைப் புதைத்து இறங்குவதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள். உலக சைக்கிள் சம்மேளனம் 2021-ல் அதைத் தடை செய்தது. அந்த நிலையில் சைக்கிளைக் கட்டுப்படுத்துவது கடினம், பார்க்கிறவர்களும் அப்படியே செய்து பழகுவார்கள் என்பது கவலை. சாதாரண சைக்கிளில் அப்படிக் குந்துவது ஆபத்துதான். கிராவிட்டி பைக் அந்த நிலைக்காகவே கட்டப்படுவது. படுப்பதற்கு மெத்தை, காலுக்குத் தாங்கி, தாழ்ந்த கைப்பிடி எல்லாம் அதற்காகத்தான்.

எந்த சைக்கிளை எடுப்பது?

பந்தயங்களில் பெரும்பாலும் 20 அங்குல பிஎம்எக்ஸ் சைக்கிளின் சட்டம்தான் (ஃபிரேம்). சின்னது, உறுதியானது, தாழ்வானது. ஆனால் வித்தை காட்டுவதற்காகச் செய்த சைக்கிள் அது. ஹேண்டில் தொட்டால் திரும்ப வேண்டும் என்று வடிவமைத்திருப்பார்கள். நகரத்துத் தெருவில் அது சுகம், 70 கி.மீ. வேகத்தில் அது நடுக்கம். அதோடு பல பிஎம்எக்ஸ் சட்டங்களில் டிஸ்க் பிரேக் மாட்ட இடமே இருக்காது. மெல்லிய ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரு கால் கவை) பட்டறையில் கொடுத்து ஒரு தகட்டை வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். டிஸ்க் பிரேக் ஃபோர்க்கின் ஒரே காலில், அதுவும் அடிப்பக்கத்தில், முழு இழுப்பையும் போடும். அந்த இழுப்பைத் தாங்கும் தடிமனில் அந்தக் குழாய் செய்யப்படவில்லை. வெல்டிங் சூட்டில் குழாய் இன்னும் பலவீனமாகும்.

முதல் முறை கட்டுகிறவருக்கு என் யோசனை வேறு. முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் பொருத்தும் வசதியோடு வந்த பழைய 26 அங்குல மவுண்டன் பைக் ஒன்றை, அதில் சின்ன அளவுச் சட்டமாகப் பார்த்து, எடுங்கள். ஷாக் அப்சார்பர் இல்லாத, டிஸ்க்குக்கென்றே செய்த ஃபோர்க் இருந்தால் நல்லது. ஸ்பிரிங் ஃபோர்க் பிரேக் பிடிக்கும்போது முன்னால் குனியும், அந்த நொடியில் சைக்கிளின் கோணமே மாறிவிடும். சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று முன்குழாய் (ஃபோர்க் நுழையும் குழாய்) சேரும் இடத்தில் விரலால் தடவியும் டார்ச் அடித்தும் பாருங்கள். பெயின்ட் மயிரிழையாக வெடித்திருந்தால் அந்தச் சட்டத்தைத் தொடாதீர்கள்.

இப்போது பெடல், கிராங்க், செயின், ஃப்ரீவீல், கியர் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். இதில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. கிராங்க் இல்லை என்றால் பெடல் தரையில் இடிக்கும் என்ற பயம் இல்லை. ஆக, சைக்கிளை எவ்வளவோ தாழ்த்தலாம். டிஸ்க் பிரேக் ரிம்மைப் பிடிப்பதில்லை, ஆகவே சக்கரத்தின் அளவை மாற்றினாலும் பிரேக் தன் இடத்திலேயே வேலை செய்யும். அதே ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) சின்ன ரிம் கோத்தால் போதும்.

எவ்வளவு சின்னது என்பதில்தான் சூட்சுமம். இரண்டு பக்கமும் 20 அங்குலம் போட்டால் சைக்கிள் ஒன்பது சென்டிமீட்டர் அளவுக்குத் தாழும், ஆனால் நேராகப் போகும் குணம் கெடும். ஏன்? ஹேண்டிலின் அச்சுக்கோட்டை அப்படியே தரைவரை நீட்டிப் பாருங்கள். அது தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். இந்த இடைவெளி இருப்பதால்தான் முன்சக்கரம் தானாகவே நேர்கோட்டுக்குத் திரும்புகிறது. வழக்கமான மவுண்டன் பைக் ஒன்றில் 7.5 செ.மீ. அளவு இருக்கும் இடைவெளி, 20 அங்குலச் சக்கரம் போட்டவுடன் 4.5 செ.மீ.க்கும் கீழே வந்துவிடும். ஹேண்டில் தொட்டாலே திரும்பும் பதற்றம் கையில் தெரியும்.

பின்னால் 20 அங்குலம், முன்னால் 24 அங்குலம் போட்டுப் பாருங்கள். முன்பக்கம் ஐந்தரை செ.மீ. உயர்ந்து நிற்பதால் ஃபோர்க் ஏறக்குறைய 3 டிகிரி சாயும், இடைவெளி 8 செ.மீ. பக்கம் போய்விடும். மெதுவாக உருட்டும்போது கொஞ்சம் மந்தமாகத் திரும்பும். வேகத்தில் அந்த மந்தம்தான் நமக்கு வேண்டும்.

ரிம் அலுமினியமாக, இரட்டைச் சுவரோடு, 36 ஸ்போக் உள்ளதாக இருக்கட்டும். கோட்டம் எடுக்கத் தெரிந்த நல்ல கைக்காரரிடம் கொடுங்கள். மணிக்கு 79 கி.மீ. வேகத்தில் 20 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 860 சுற்று அளவில் சுற்றும். இரண்டு மில்லிமீட்டர் கோட்டம் அங்கே அதிர்வாகக் கைக்கு வரும். டயர் பட்டன் இல்லாத வழவழப்பான சாலை டயர். பக்கவாட்டில் எழுதியிருக்கும் அதிகபட்சக் காற்றழுத்தத்தையும் எடை வரம்பையும் படித்துவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் 20 அங்குல டயர்களில் பாதி குழந்தைகள் எடைக்காகச் செய்தவை.

பிரேக்

கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே 1976 அக்டோபரில் தொடங்கிய ஒரு மலையிறக்கப் பந்தயம் சைக்கிள் வரலாற்றில் பேர் பெற்றது. மவுண்டன் பைக் என்ற வகையே அந்தப் பக்கத்து இளைஞர்களின் பழைய சைக்கிள்களிலிருந்து பிறந்தது. சுமார் 3 கி.மீ. தூரத்தில் 400 மீட்டர் அளவு இறக்கம். அவர்களிடம் இருந்தது பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக். அதற்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து ஆவியாகிவிடும். இறங்கியதும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த முறை போகலாம்.

அந்தச் சூடு எவ்வளவு என்று கணக்குப் போடலாம். 100 கிலோ எடை 400 மீட்டர் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் 392 கிலோஜூல். மெதுவாகப் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக்குக்குள்தான் போகும். ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. அதை ஒரு சின்னத் தகட்டில் கொட்டுகிறோம்.

ஆகவே இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி டிஸ்க் பிரேக், தனித்தனி லீவர். ஒன்று கைவிட்டால் மற்றொன்று நிறுத்த வேண்டும். டிஸ்க் தட்டு 160 மி.மீ.யை விட 180 மி.மீ. நல்லது, சூடு பரவ இடம் கூடுகிறது. ஃபோர்க் எவ்வளவு பெரிய தட்டைத் தாங்கும் என்று அதைச் செய்தவர்கள் சொல்லியிருப்பார்கள், அதைத் தாண்ட வேண்டாம். கேபிள் இழுக்கும் டிஸ்க்கைவிட ஹைட்ராலிக் எனக்குப் பிடிக்கும், விரல் அழுத்தத்துக்கு ஏற்ப நுணுக்கமாகப் பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: சில ஹைட்ராலிக் பிரேக்குகள் டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவத்தில் ஓடும், சில மினரல் ஆயிலில். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே ரப்பர் வாஷர்கள் கெட்டுப்போகும். தட்டிலும் அதைக் கவ்வும் பேடிலும் எண்ணெய்க் கை படவே கூடாது.

புதுப் பேடு முதல் நாளே முழுதாகப் பிடிக்காது. சமதரையில் ஓட்டி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் திரும்பத் திரும்ப வேகத்தைக் குறைத்துப் பழக்க வேண்டும். பெடல் இல்லாததால் ஒரு நண்பர் தள்ளிவிட வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாத டிஸ்க் பிரேக் பாதிப் பிரேக்.

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு உங்களால் பிரேக் பிடிக்க முடியும் என்றே வைப்போம், புதியவருக்கு அது தாராளமான கணக்கு. 8 சதவீதச் சரிவு அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 79 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 59 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை அசைய ஒரு நொடி ஆனால் அதற்குள் 22 மீட்டர் போயிருக்கும். மொத்தம் 80 மீட்டருக்கு மேல். கண்ணுக்கு எட்டும் சாலை அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வேகம் அந்த இடத்துக்கு ஆகாது.

படுக்கும் அமைப்பு

சீட்டைக் கழற்றிவிட்டு, மேல்குழாயின் மேல் அடர்த்தியான ஃபோம் வைத்து, இறுக்கிக் கட்டி, நெஞ்சும் வயிறும் அதில் படியும்படி செய்ய வேண்டும். எடையைத் தாங்குவது இதுதான். காலுக்குப் பின் அச்சின் இரு முனையிலும் பிஎம்எக்ஸ் பெக் (கால் வைக்கும் குட்டைக் குழாய்) மாட்டுவது வழக்கம். 10 மி.மீ. அச்சில் ஏறி நின்று குதித்தால் அச்சு வளையும், அதனால் பாதத்தை அங்கே சும்மா வைத்துக்கொள்ளுங்கள், பாரம் போடாதீர்கள். குதிகால் உள்ளே சாய்ந்தால் ஸ்போக்கைத் தொடுகிறதா, ஷூ லேஸ் தொங்குகிறதா என்று பாருங்கள்.

ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கட்டும், ஆனால் மிகவும் குறுக வேண்டாம். அரை மீட்டர் அகலம் இருந்தால் சக்கரம் அதிர்ந்தால் அடக்க ஒரு பிடிமானம் இருக்கும்.

இதையெல்லாம் வெளியே எடுத்துப்போகும் முன், சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, முழுமுக ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு, படுத்துப் பாருங்கள். பலருக்கு அப்போதுதான் தெரியவரும்: தலையைத் தூக்கினால் ஹெல்மெட்டின் பின்விளிம்பு ஜாக்கெட் காலரில் இடிக்கும், பத்து மீட்டருக்கு அப்பால் சாலை தெரியாது. கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்தியோ நெஞ்சுப் பக்கம் ஃபோமை ஏற்றியோ இதைச் சரிசெய்ய வேண்டும். ஐந்து நிமிடம் அப்படியே கிடந்து கழுத்து வலிக்கிறதா என்றும் பாருங்கள்.

நடுக்கமும் முறிவும்

வேகத்தில் ஹேண்டில் தானாக இடமும் வலமும் படபடவென ஆடத் தொடங்குவது இந்த விளையாட்டின் பெரிய பயம். ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) தளர்வு, சக்கரக் கோட்டம், தளர்ந்த ஹப் கோன் (அச்சுப் பேரிங்கை இறுக்கும் நட்டு) எல்லாம் அதைத் தூண்டும். ஹெட்செட்டைச் சோதிக்க எளிய வழி: முன் பிரேக்கை இறுக்கப் பிடித்து, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டி, முன்குழாயும் ஃபோர்க்கும் சேரும் இடுக்கில் ஒரு விரலை வையுங்கள். 'டக்' என்று மிக நுண்ணிய அசைவு விரலுக்குத் தெரிந்தால் இறுக்க வேண்டும். பிரேக்கை விட்டு முன்சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் எங்கேயும் உரசாமல் தானாக ஒருபக்கம் திரும்பி விழவும் வேண்டும். ஓடும்போது ஆட்டம் வந்துவிட்டால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, அது ஆட்டத்தைக் கூட்டும். தொடையால் சட்டத்தை அழுத்திப் பிடித்து, கையைத் தளர்த்தி, பின் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள்.

முறிவு பற்றியும் சொல்ல வேண்டும். பிரான்ஸின் எரிக் பரோன் 2017-ல் வார்ஸ் பனிச்சரிவில் மணிக்கு 227.72 கி.மீ. வேகத்தில் சைக்கிளில் இறங்கினார். அதே மனிதர்தான் 2002-ல் நிகராகுவாவின் செர்ரோ நேக்ரோ எரிமலைச் சரிவில் 172 கி.மீ. வேகத்தில் போகும்போது சைக்கிள் முறிந்து, பலத்த காயத்தோடு பிழைத்தார். அனுபவமும் ஆள்பலமும் உள்ளவருக்கே இரும்பு அப்படி விட்டுக்கொடுத்தது என்றால், நம் சட்டத்தை நாம் எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும்!

எங்கே, எப்படி முதல் ஓட்டம்?

வண்டிகள் ஓடும் மலைப்பாதை இதற்கான இடமே இல்லை. கொண்டை ஊசி வளைவில் மேலே ஏறும் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் தேவைப்படும், தரையோடு படுத்து வரும் உங்களை ஓட்டுநர் பார்க்கவே மாட்டார். மூடிய வளாகத்துச் சாலை, அனுமதியோடு, கீழே நீண்ட சமதளம் அல்லது எதிர்மேடு இருக்கும் இடமாகப் பாருங்கள். வளைவு இல்லாத நேர்ச்சாலை. மேலேயும் கீழேயும் ஒவ்வொரு ஆள். முழுமுக ஹெல்மெட், தோல் ஜாக்கெட்டும் பேன்ட்டும், தோல் கையுறை. துணி ஜீன்ஸ் தார் ரோட்டில் உரசினால் நொடியில் போய்விடும்.

4 சதவீதச் சரிவு முதல் நாளுக்குப் போதும். நின்ற இடத்திலிருந்து 100 மீட்டர் உருண்டால் மணிக்கு 27 கி.மீ. அளவு வரும், 300 மீட்டரில் 41. ஆகவே எங்கிருந்து விடுகிறோம் என்பதே உங்கள் வேக அளவுகோல். கீழேயிருந்து 50 மீட்டரில் தொடங்கி, அந்த வேகத்தில் குறித்த கோட்டில் நிற்க முடிகிறது, ஹேண்டில் அமைதியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே தொடங்கும் இடத்தை மேலே நகர்த்துங்கள்.

கிளம்பும் முன் ஒவ்வொரு முக்கிய போல்ட்டிலும், தலையிலிருந்து சட்டம் வரை, நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்: ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்), பிரேக் காலிப்பர் (பேடு இருக்கும் பாகம்), தட்டு, அச்சு நட்டு, பெக். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் அந்தக் கோடுகளைப் பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. வெறுமனே இறுக்கிவிட்டு மறுபடி ஏறாதீர்கள். ஏன் தளர்ந்தது, வாஷர் இல்லையா, மரை தேய்ந்ததா, அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த ஓட்டம். டிஸ்க் தட்டை மட்டும் ஆறும்வரை விரலால் தொட வேண்டாம்.